வாசல்ல எத்தனை படி?

குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் சிலர் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பார்கள், சிலர் சமையல் யார் என்று விசாரிப்பார்கள். சக்கர நாற்காலியில் நடமாடுகிறவர் போன் போட்டுக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மண்டப வாசல்ல எத்தனை படி?" மூன்று என்றால் இரண்டு பேர் கை கொடுத்தால் போதும். ஏழு என்றால் நான்கு பேர் தூக்க வேண்டும். பந்தி மாடியில் என்று தெரிந்துவிட்டால், மொய்க் கவரை யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். மறுநாள் கல்யாண வீட்டார் கேட்பார்கள்: "ஏன் வரலை, உடம்புக்கு முடியலையா?" உடம்புக்கு ஒன்றும் இல்லை. மண்டபத்துக்குத்தான் முடியவில்லை.

ஊனத்தோடு வாழ்ந்து பெயர் பெற்றவர்களைப் பற்றி எழுதும்போது 'விதியை வென்றவர்', 'சோதனையைச் சாதனையாக்கியவர்' என்று ஆரம்பிப்பது நம் பத்திரிகைகளின் பழைய வழக்கம். அவர்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர்கள் உடம்போடு மல்லுக்கட்டிய நேரம் கொஞ்சம். படியோடும் கதவோடும் விண்ணப்பப் படிவத்தோடும் மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம். வென்றது என்று ஒன்று இருந்தால், தங்களைச் சுற்றியிருந்த இடத்தை அவர்கள் மாற்றி அமைத்ததுதான்.

அந்தக் கதைகளில் பெரிய கதை ஒன்றைச் சொல்ல, தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறித் தென்காசிக்குப் போக வேண்டும். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியேறிய தென்மாவட்டக்காரர்களுக்கு இது மனப்பாடமான பாதை. இரவு ஏறிப் படுத்தால் விடியும்போது மேற்குத் தொடர்ச்சி மலை. தென்காசியில் இறங்கி சிறிது தூரம் போனால் ஆய்க்குடி. வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊரின் அடையாளம் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அடையாளம் வேறு.

அந்த ஊர்ப் பிள்ளை எஸ். ராமகிருஷ்ணன். (எழுத்தாளர் எஸ்.ரா. வேறு, இவர் வேறு.) கோவையில் பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தார். கடற்படை அதிகாரியாக வேண்டும் என்று ஆசை. பெங்களூரில் நடந்த தேர்வில் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி வந்தவர், 1975 ஜனவரி 10 அன்று கடைசிக் கட்டமான உடல்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. அன்றோடு கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுபோயிற்று. வயது இருபதை ஒட்டி.

தண்டுவடம் அடிபட்டால் என்ன ஆகும் என்பதை வீட்டில் அப்படி ஒருவரை வைத்துப் பார்த்தவர்களிடம் கேட்டால்தான் தெரியும். கை, கால் அசையாது என்பது வெளியே தெரிகிற பாதி. மறுபாதி, உணர்ச்சி இல்லாத தோல். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும். வலிக்காததால் வந்ததே தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், நடு ராத்திரியிலும். சிறுநீர் தானாகப் போகாது. குழாய் வழியே போனால் கிருமி உள்ளே போகும். 1970களில் இந்தியாவில் இப்படி அடிபட்டவர்களில் பலர் அடிபட்டதால் சாகவில்லை. புண்ணாலும் சிறுநீரகக் கோளாறாலும் ஓரிரு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ராமகிருஷ்ணன் பிழைத்ததற்கு ஒரு காரணம், அவர் ராணுவ மருத்துவர்களின் கையில் இருந்தது. போரில் அடிபட்ட சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்து, தண்டுவடச் சிகிச்சையின் நுணுக்கம் அவர்களுக்குத்தான் அன்றைக்குக் கைவந்திருந்தது. அவருக்குச் சிகிச்சை அளித்து மனத்தையும் தேற்றியவர் ஏர் மார்ஷல் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல்.

பிறகு ஊர் திரும்பினார். கிராமத்து வீடு என்றாலே திண்ணைக்கு ஏற இரண்டு படி, நிலைவாசலைத் தாண்ட இன்னொன்று, கொல்லைக்கு இறங்க மறுபடியும் ஒன்று. நடக்கிற காலுக்கு அவை கண்ணில் படுவதில்லை. இந்த நிலையில் இருந்த ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும்? கட்டிலில் கிடக்க வேண்டும். வருகிறவர்கள் உச்சுக்கொட்ட வேண்டும். "எல்லாம் அவன் எழுத்து" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போக வேண்டும்.

ஆறு வருடம் கழித்து அவர் செய்தது வேறு. 1981-ஐ ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டில் ஆய்க்குடியில் ஓர் ஓலைக் கொட்டகை, அதில் போலியோ வந்த ஐந்து பிள்ளைகள். அதுதான் பள்ளிக்கூடம். தன்னைத் தேற்றிய டாக்டரின் பெயரையே எடுத்து 'அமர் சேவா சங்கம்' என்று வைத்தார். வடநாட்டில் அமர் என்றால் சாவில்லாதது. தமிழ்க் காதுக்கு அந்தச் சொல்லில் இன்னும் இரண்டு அர்த்தம் கேட்கும். ஒன்று, உட்கார். மற்றொன்று, போர். உட்கார்ந்தபடியே ஒரு போர் என்று யாரும் திட்டமிட்டுப் பெயர் வைத்திருக்க முடியாது, தானாக அமைந்தது.

ஏன் முதலில் பள்ளிக்கூடம்? அந்தக் காலத்தில் போலியோ வந்த பிள்ளையை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டுவிட்டு வருவாள். ஐந்தாம் வகுப்பு வரை இடுப்பு தாங்கும். ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊர், பிள்ளையும் கனத்துவிட்டது. படிப்பு அங்கே நிற்கும். பெண் பிள்ளை என்றால் அதற்கும் முன்னாலேயே நிற்கும். மூளையில் எந்தக் குறையும் இல்லாத எத்தனையோ பிள்ளைகள் வெறும் தூக்க ஆளில்லாமல் கைநாட்டாகப் போயிருக்கிறார்கள்.

1992-ல் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். பட்டயக் கணக்காளர். தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒருவருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை, மற்றவருக்குத் தசைகள் வருடத்துக்கு வருடம் பலம் இழக்கின்றன. இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் முப்பது ஏக்கருக்கு மேற்பட்ட வளாகத்தை நடத்தினார்கள். கட்டடத்துக்குக் கட்டடம் சாய்தளம், காலணியும், காலைத் தாங்கும் காலிப்பரும் செய்கிற பட்டறை, இயன்முறை சிகிச்சைக் கூடம், தொழிற்பயிற்சி, தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பழகுகிற பிரிவு. இதில் முக்கியமானது என்று தோன்றுவது சிவ சரஸ்வதி வித்யாலயா என்ற பள்ளி. அங்கே ஊனமுள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். நடக்கும் பிள்ளைக்கு நாற்காலியைத் தள்ளத் தெரியும். நாற்காலிப் பிள்ளைக்கு ஓடுகிறவனோடு சண்டை போடத் தெரியும். எந்தச் சட்டமும் இதை எளிதில் கொண்டுவந்துவிடாது.

சங்கத்தின் வேலை பிறகு வளாகத்தை விட்டு வெளியே போனது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில், குழந்தை கவிழ்ந்து படுக்கவில்லை, கழுத்து நிற்கவில்லை என்றால் அதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். 2020 குடியரசு நாளில் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஓலைக் கொட்டகைக்கும் அதற்கும் நடுவே முப்பத்தொன்பது வருடம்.

ஆய்க்குடிக்கு முன்னோடி என்று ஒன்றைச் சொல்வதானால் வேலூரைச் சொல்ல வேண்டும். கேரளத்துப் பெண்ணான டாக்டர் மேரி வர்கீஸ் வேலூர் சி.எம்.சி.யில் படித்து, மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தோடு பணியில் இருந்தவர். 1954 ஜனவரி 30 அன்று நண்பர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி விபத்தில் சிக்கியது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இனி மருத்துவத் தொழில் முடிந்தது என்று அவர் நினைத்திருந்தபோது, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பிரசவம் பார்க்க நிற்க வேண்டும். வயிற்றைத் திறக்க நிற்க வேண்டும். கையில் அறுவை செய்ய நிற்க வேண்டியதில்லை! நோயாளியின் கையை மேசையில் வைத்துவிட்டு மருத்துவர் உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலியை அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மேரி வர்கீஸ் நூற்றுக்கணக்கான விரல்களுக்கு உயிர் கொடுத்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து, 1966-ல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு வழிவகுத்தார். நோயாளிகள் உள்ளேயே தங்கிப் பழகும் அப்படியொரு நிலையம் இந்தியாவில் அதுதான் முதல். 1972-ல் பத்மஸ்ரீ, 1986-ல் மறைவு.

வரலாற்றை இன்னும் பின்னால் தள்ளினால் சங்க காலத்துக்கே போகலாம். புறநானூற்றில் ஐயூர் முடவனார் என்றொரு புலவர் இருக்கிறார். மற்றப் புலவர்கள் யானையும் பொன்னும் கேட்ட இடத்தில் இவர் தாமான் தோன்றிக்கோன் என்ற தலைவனிடம் போய்க் கேட்டது வண்டி இழுக்க ஒரு மாடு. நடக்க முடியாதவருக்கு வண்டிதான் கால். பயண வசதி கேட்டுத் தமிழில் கொடுக்கப்பட்ட முதல் மனு என்று அதை வேடிக்கையாகச் சொல்லலாம். தலைவன் மனுவைக் கிடப்பில் போடவில்லை போலிருக்கிறது. குரோம்பேட்டைக்குத் தெற்கே, செங்கல்பட்டுக்குப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண் தெரியாமலே திருக்கழுக்குன்றப் புராணம் பாடினார். பெயரோடு 'முடவனார்' என்றும் 'அந்தகக்கவி' என்றும் ஊனத்தை ஒட்டிவைத்தது அந்தக் கால வழக்கம். அரசாங்கக் காகிதங்களில் அது 'ஊனமுற்றோர்' ஆகி, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 'மாற்றுத்திறனாளி' ஆனது. 2010-ல் அந்தப் பெயரிலேயே தனித் துறையும் வந்தது. சொல் மாறியதில் பிழையில்லை. தெருவில் திட்டு வார்த்தைகள் அப்படியேதான் இருக்கின்றன.

இனி குரோம்பேட்டைக்கு வரலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனிதான் ஊருக்குப் பெயர் வைத்தது. குரோமியம் உப்பில் தோல் பதனிடும் தொழிற்சாலை. அதையொட்டி எழுந்த பேட்டை. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் தோல் பேட்டை மெல்ல உத்தியோகஸ்தர்கள் வீடு கட்டும் புறநகராயிற்று. 1949-ல் சி. ராஜம் தன் சொத்தை விற்று எம்.ஐ.டி. கல்லூரியைத் தொடங்கினார். 1950களில் அங்கே விமானப் பொறியியல் படிக்க வந்த ராமேசுவரத்துப் பையன் அப்துல் கலாம். ராக்கெட்டும் ஏவுகணையும் எல்லோருக்கும் தெரியும். பின்னாளில் ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனையில் போலியோ வந்த பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளில் முந்நூறு கிராமில் காலிப்பர் செய்து கொடுக்க வைத்ததும் அவர்தான். அந்தப் பிள்ளைகள் ஓடியாடியதைத் தன் வாழ்க்கையின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இரும்புக் காலிப்பரின் சத்தம் இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். முழங்காலில் பூட்டு, நிற்கும்போது 'டக்' என்று விழும், உட்காரும்போது விரலால் தூக்கிவிட வேண்டும். ஷூவோடு சேர்ந்த தோல் பட்டை வியர்வையில் இறுகித் தொடையை அறுக்கும். 1960, 70களில் பிறந்தவர்களில் தெருவுக்கு ஒருவராவது இதைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். தமிழ்நாட்டில் கடைசி போலியோ நோயாளி 2004-ல். நாட்டிலேயே கடைசி, 2011 ஜனவரியில், ஹவுரா பக்கத்தில். ஆக இன்றைக்குப் போலியோவுக்காகக் காலிப்பர் போட்ட குழந்தையைப் பார்க்க முடியாது. ஐம்பது, அறுபது வயதுக்காரர்களைப் பார்க்கலாம். ஒரு நோயோடு சேர்ந்து ஒரு தலைமுறையும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தலைமுறைக்கு ஒரு தொழில் கொடுத்தது மஞ்சள் பலகை. 1980களின் கடைசியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை நெடுக மஞ்சள் பலகையோடு முளைத்த எஸ்.டி.டி. தொலைபேசி பூத்துகளை ஒதுக்கும்போது தொலைபேசித் துறை ஊனமுற்றோருக்கு முன்னுரிமை கொடுத்தது. ஆறடிக்கு நாலடி பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் 'கிர்ர்' என்று ரசீது கக்கும் குட்டிப் பிரிண்டர். உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற தொழில், ரொக்கமாகக் காசு. வாசலில் மூன்று சக்கர சைக்கிள் சாய்ந்து நிற்கும். இரவு பத்து மணிக்கு மேல் கட்டணம் குறைவு என்பதால் அதுவரை காத்திருந்து துபாய்க்கும் திருநெல்வேலிக்கும் பேசியவர்கள், தங்கள் குடும்ப ரகசியம் அத்தனையும் பூத்காரருக்குத் தெரியும் என்பதை மறந்தே பேசினார்கள். கடன் சொல்லிவிட்டுப் போவார்கள். அண்ணே என்று கூப்பிடுவார்கள். பரிதாபத்துக்கு உரியவராக இருந்தவர், தெருவில் அவசரத்துக்கு வேண்டியவராக மாறிய பத்துப் பதினைந்து வருடம் அது. செல்போன் வந்தது, 2005-க்குப் பிறகு பூத்துகள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடையாயின, ரீசார்ஜ் கடையாயின, பிறகு மூடின. இவ்வளவு பெரிய வேலையிழப்பைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. மின்சார ரயிலில் பேனாவும் அட்டைக் கவரும் கடலை மிட்டாயும் விற்கும் பார்வையற்றவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள், குச்சியை இருக்கைக் கால்களில் தட்டித் தட்டி, எந்தப் பெட்டியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் காதாலேயே எண்ணிக்கொண்டு.

குரோம்பேட்டையிலிருந்து வடக்கே பல்லாவரத்தைத் தாண்டினால் திரிசூலம், எதிரே விமான நிலையம். 2007 ஜூன் மாதம் அங்கே ஒரு சம்பவம். ராஜீவ் ராஜன் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர். கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் அமைப்பில் ஊனமுற்றோர் சட்ட உரிமைகளுக்காக வேலை பார்த்தவர். டெல்லியில் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பினார். கையில் டிக்கெட் இருந்தது. தனியார் விமான நிறுவனம், துணைக்கு ஆள் இல்லாமல் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. பேச்சு குழறும், உடம்பு தன்னிச்சையாக அசையும்; இந்த இரண்டையும் பார்த்து நோயாளி என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். மூளை முடக்குவாதம் நோயல்ல, ஒட்டாது, நடுவானில் திடீரென்று அதிகமாகவும் ஆகாது. இதைத்தான் அவர் வருடக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் அழுதுகொண்டு வீடு திரும்பியிருந்தால் இது ஒரு சோகச் செய்தியோடு முடிந்திருக்கும். புகார் எழுதினார், பத்திரிகைகளில் வந்தது, நாடு முழுக்க ஊனமுற்றோர் அமைப்புகள் கையில் எடுத்தன. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2008 மே மாதம் விதிகளை வெளியிட்டது: ஊனத்தைக் காரணம் காட்டிப் பயணத்தை மறுக்கக் கூடாது, நாற்காலியும் உதவியும் தர வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. விதி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவில் அதே மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் கோவா விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2016 மே மாதத் தீர்ப்பில் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு.

விமானம் எத்தனை பேருக்கு? அன்றாடத்துக்குப் பேருந்துதான். நம் ஊர்ப் பேருந்தின் தரை, சாலையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் உயரம். மூன்றடி. காலிப்பர் காலுக்கு அது மதில்சுவர், சக்கர நாற்காலிக்கு மலை. முட்டி வலி வந்த பாட்டிக்கும் புடவை கட்டிய கர்ப்பிணிக்கும்கூட மலைதான். தாழ்தளப் பேருந்தின் தரை 400 மில்லிமீட்டர். இந்த ஐந்நூறு மில்லிமீட்டருக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. ஊனமுற்றோர் உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் தொடுத்த வழக்கு முக்கியமானது. சாலையில் மேடு பள்ளம், மழைத் தண்ணீர், பணம் இல்லை என்று அரசுத் தரப்பு அடுக்கிய காரணங்கள் பல. அவற்றில் சில உண்மையும்கூட. ஒருவழியாக 2024 ஆகஸ்டில் சென்னைத் தெருக்களில் மறுபடி தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் பக்கவாட்டில் சாய்ந்து இன்னும் தாழ்கிறது, மடித்து வைத்த சாய்தளத்தை நடத்துநர் இறக்கிவிடுகிறார். நடைமேடை ஓரமாக வண்டி நிறுத்த இடம் இருந்தால்! அந்த இடத்தில் பெரும்பாலும் ஷேர் ஆட்டோ நிற்கிறது.

மெரினாவில் கடலைத் தொட்டுப் பார்க்க மரப்பாதை கேட்டதும் இப்படித்தான் பல வருடக் கோரிக்கை. 1.14 கோடி ரூபாயில் 263 மீட்டர் நீளத்துக்குப் போட்டு 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக அலை காலில் பட்டவர்களின் படங்கள் வந்தன. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். கொடுத்ததைத் திரும்பத் திரும்ப நிறுத்திக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பது எல்லா உரிமைக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது.

சட்டம் என்று பார்த்தால் பஞ்சமில்லை. 1995-ல் ஒன்று வந்தது. ஏழு வகை ஊனம், மூன்று சதவீத வேலை ஒதுக்கீடு. 2016-ல் அதைக் கலைத்துவிட்டு இன்னொன்று. இருபத்தொரு வகை, நான்கு சதவீதம். பொதுமக்கள் வந்து போகும் பழைய கட்டடங்களை ஐந்து வருடத்துக்குள் எல்லோரும் நுழையும்படி மாற்ற வேண்டும் என்று அந்தச் சட்டம் கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஊனத்தோடு வாழ்கிறவர்கள் 11.8 லட்சம். அவர்களில் எத்தனை பேர் தங்கள் தாலுகா ஆபீஸ் மாடிக்குத் தானாகப் போய் வந்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இதற்கெல்லாம் முடிவெடுக்கிற மேசையில் அவர்கள் இல்லாததுதான் காரணம் என்று சங்கங்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தன. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டம். அதுவரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்தலில் ஜெயித்து வந்த மாற்றுத்திறனாளிகள் 35 பேர் மட்டுமே என்று அவையில் சொல்லப்பட்டது. புதிய சட்டத்தால் நகர்ப்புறத்தில் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர் மன்றத்துக்குள் போகலாம். குரோம்பேட்டை முன்பு பல்லாவரம் நகராட்சியில் இருந்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்தது. எழுபது வார்டு கவுன்சிலர்கள் உட்காரும் மன்றத்தில் இந்தச் சட்டப்படி ஒரு மாற்றுத்திறனாளிக்கும் நாற்காலி உண்டு. அவர் நாற்காலியோடே வருகிறவராகவும் இருக்கலாம்.

அவர் மன்றத்தில் எழுப்ப வேண்டிய விஷயம் ஒன்று இந்தப் பக்கத்திலேயே, ஒவ்வொரு தெருவிலும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுகிறார்கள். சாலை உயர உயர வீடு பள்ளத்தில் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம், முடிச்சூர், குரோம்பேட்டைப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர்கள் அந்தப் பயத்தை மறக்கவில்லை. வசதியுள்ளவர்கள் அடியில் வரிசையாக ஜாக்கி வைத்துப் பழைய வீட்டையே மூன்றடி, நான்கடி தூக்குகிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் அடித்தளத்தை முதலிலேயே ஏற்றிவிடுகிறார்கள். முன்பு இரண்டு படி இருந்த வாசலில் இப்போது ஆறு படி, ஏழு படி. வெள்ளத்துக்குப் பயந்து கட்டியது. தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதே வீட்டில் அப்பாவுக்கு ஒரு நாள் பக்கவாதம் வரும், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறியும். அன்றைக்கு மகனும் மருமகளும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து நாற்காலியோடு அவர்களைத் தூக்கி இறக்குவார்கள்.

ஆய்க்குடியில் கட்டடத்துக்குக் கட்டடம் போட்ட சாய்தளத்தை இங்கேயும் ஒரு கொத்தனார் போட்டுவிடலாம். கணக்கு சுலபம்: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி உயர வாசலுக்கு முப்பத்தாறு அடி. நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம் விட்டுத் திருப்பினால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே அடங்கிவிடும். ஓரத்தில் பிடிக்க ஒரு பைப். "ஸ்கூட்டர் ஏத்துறதுக்கா சார்?" என்று மேஸ்திரி கேட்பார், செங்குத்தாக ஒன்றைப் போட்டுக் கொடுக்கவும் பார்ப்பார். பக்கத்தில் நின்று அளந்து வாங்குங்கள்.